கொஞ்சு நின்றுபோன கடவு

எம்.எஸ்ஸி. விலங்கியலில் முதல் வகுப்பு வாங்கியவள் நான். இதை முதல் வரியிலேயே சொல்லிவிடுவது நல்லது. தொண்ணூறுகளில் கேரளத்து எல்லையில் இருக்கும் எங்கள் ஊரில் யாரும் அதைக் கேட்கவில்லை. உதியன்குளங்கரை முக்கில் ஒரு இரும்புக்கடையின் மாடியில் இருந்த பாரலல் காலேஜில் பாடம் எடுத்துக்கொண்டிருந்தேன். கல்லூரியில் இடம் கிடைக்காத பிள்ளைகள் தனியாகப் பரீட்சை எழுதப் படிக்கும் இடம் அது. கீழே கம்பி வெட்டும் சத்தம், மேலே மண்புழுவின் நரம்பு மண்டலம். அரசு வேலைக்கான ராங்க் லிஸ்டில் இரண்டு முறை என் பெயர் வந்தது. இரண்டு முறையும் என் முறை வருமுன்பே லிஸ்ட் காலாவதியாகிவிட்டது.

வீட்டில் எனக்குப் பட்டப்பெயர் பூச்சி டீச்சர். வைத்தவர் என் கணவரின் அண்ணன். அவரை நான் அத்தான் என்று கூப்பிடுவேன். மகாராஜா காலத்தில் சர்க்கார் கச்சேரியில் குமாஸ்தா வேலை பார்த்த சைவக் குடும்பம் எங்களுடையது. என் தலைமுறைக்கு வரும்போது ஒருவருக்கு பேங்க், ஒருவருக்குப் பள்ளிக்கூடம் என்று பிரிந்துபோயிருந்தது. அத்தானுக்கு ரப்பர். என் கணவருக்குக் களியக்காவிளையைத் தாண்டி ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார் வேலை. ஞாயிற்றுக்கிழமை மற்ற மருமகள்கள் எல்லாம் துணி துவைக்கத் தோட்டுக்குப் போவார்கள். நானும் போவேன், ஆனால் கல்லைப் புரட்டிப் பார்த்துவிட்டுத்தான் துவைப்பேன். அதனால் வந்த பெயர்.

தோடு என்பது எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஓடும் சிற்றோடை. குன்றின்மேல் ரப்பர்த் தோட்டத்துக்கு நடுவே ஊற்றெடுத்து, ஐந்து கடவுகளைத் தாண்டி வயலில் இறங்கும். குளிக்கவும் துவைக்கவும் படி கட்டிவிட்ட இடத்தைத்தான் கடவு என்போம். இரண்டாம் கடவுக்கும் மூன்றாம் கடவுக்கும் இடையில், கரையை ஒட்டி, அத்தானின் ஷீட்டுப்புரை, ரப்பர் ஷீட்டு அடிக்கும் கொட்டகை. காலையில் மரப்பட்டையைக் கீறி, எங்கள் பேச்சில் வெட்டி, எடுத்த பாலை அங்கே கொண்டுவந்து தட்டுகளில் ஊற்றி, ஆசிட் சேர்த்து உறைய வைத்து, உருளையில் கொடுத்து ஷீட்டாக்குவார்கள். பிழிந்த நீரும் கழுவிய நீரும் ஒரு சின்ன வாய்க்கால் வழியாகத் தோட்டில் விழும்.

அந்த வருடம் அத்தானுக்கு ஒரு பெரிய எண்ணம் வந்தது. மோட்டார் உருளை போட்டு, பெரிய புகைப்புரை கட்டி, சுற்று வட்டாரத்தில் உள்ள எல்லாருடைய பாலையும் வாங்கி ஷீட்டு அடிக்கலாம் என்று. பஞ்சாயத்து அனுமதி வேண்டும். அப்போதுதான் வார்டு தோறும் கிராமசபை கூட ஆரம்பித்திருந்த காலம். ஜனங்கள் கூடி ஆட்சேபம் இல்லை என்று சொன்னால்தான் அனுமதி. மூன்றாம் கடவுக்குக் கீழே இருந்தவர்கள் முனகிக்கொண்டிருந்தார்கள். நாற்றம் அடிக்கிறது, குளித்தால் சொறிகிறது, கிணற்று வெள்ளம் மட்டம் என்றெல்லாம். தண்ணீரை எங்கள் பக்கத்தில் வெள்ளம் என்போம்.

அத்தான் ஏமாற்றுகிற மனிதர் இல்லை. இதையும் நான் சொல்லியாக வேண்டும். புகார் வந்ததும் அவரே ஒரு குப்பியில் மூன்றாம் கடவுத் தண்ணீரை எடுத்து, திருவனந்தபுரத்துக்கு பஸ் ஏறிப் போய், ஒரு பரிசோதனைச் சாலையில் கொடுத்து ரிப்போர்ட் வாங்கி வந்தார். குறை ஒன்றும் இல்லை என்று வந்தது. அதை லாமினேட் செய்து ஷீட்டுப்புரையில் சாமி படத்துக்குப் பக்கத்தில் மாட்டினார்.

எனக்கு அந்த ரிப்போர்ட்டைப் பார்க்கப் பார்க்கப் பற்றிக்கொண்டு வந்தது. ஓடுகிற தண்ணீரில் ஒரு குப்பி எடுப்பது, பஸ்ஸில் போகிறவன் முகத்தை ஜன்னலில் பார்ப்பது மாதிரி. அவன் நல்லவனா கெட்டவனா என்று பக்கத்து வீட்டில் குடியிருப்பவனைத்தான் கேட்க வேண்டும். தோட்டில் குடியிருப்பது பூச்சிகள். இரவும் பகலும் அங்கேயே கிடக்கின்றன, என்ன வந்தாலும் தலையில் வாங்கிக்கொள்கின்றன. ஒரு நாள் விஷம் வந்து மறுநாள் ஓடிப்போனாலும் தண்ணீர் மறந்துவிடும், பூச்சி செத்துக் காட்டிக்கொடுத்துவிடும்.

இரண்டாம் கடவில் ஒரு கல்லைப் புரட்டினால் அது ஒரு ஊர். மூன்று வாலோடு, வயிற்றின் இருபுறமும் செவுள் படபடக்க ஓடும் பூச்சி. நான் மூவால் என்று கூப்பிடுவேன். மணலையும் பொடிக்கல்லையும் ஒட்டிக் குழல் கட்டி அதற்குள் குடியிருக்கும் புழு; அது கல்வீட்டுக்காரி. தும்பியின் குஞ்சு, நீர்வண்டு. இதில் முதல் இரண்டும் பெரிய ரோஷக்காரிகள். தண்ணீரில் காற்று கொஞ்சம் குறைந்தாலும் இருக்க மாட்டார்கள். மூன்றாம் கடவில் கல்லைப் புரட்டினால் வழவழவென்று ஒரு அழுக்குப் படலம், பூசல் என்போம், அதில் நூல் நூலாகச் சிவந்த புழு. ரத்தத்தில் சிவப்பு இருப்பதால் காற்றில்லாத இடத்திலும் சமாளிக்கிற ஜாதி அது. சாக்கடையில் இருக்க வேண்டியது. இரண்டு கடவுக்கும் நடுவில் இருப்பது ஷீட்டுப்புரை மட்டும். எனக்கு இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்?

கிராமசபை அன்று இரண்டு வெள்ளைப் பேசின்களை எடுத்துக்கொண்டு போனேன். ஒன்றில் இரண்டாம் கடவு, மற்றதில் மூன்றாம் கடவு. எல்.பி. ஸ்கூல் ஹாலில் நடுமேஜைமேல் வைத்துவிட்டு, எல்லாரும் வந்து பாருங்கள் என்றேன். கர்வமாகத்தான் நின்றேன். முதல் வகுப்பு வாங்கினவள் அல்லவா.

ஜனங்கள் வந்தார்கள். முதல் பேசினை எட்டிப் பார்த்த ஒரு அம்மா வாயைப் பொத்திக்கொண்டு பின்னால் போனார்.

"அய்யய்யோ, இதெல்லாம் நாம குளிக்கிய வெள்ளத்திலயா கெடக்கு?"

"ரெண்டாவது பேசினைப் பாருங்க. அதில ஒண்ணுமே இல்ல, நாலஞ்சு செவப்பு நூலு மட்டும். அதாக்கும் சுத்த வெள்ளம்," என்றார் ஒரு சைக்கிள் கடைக்காரர்.

"அப்பொ மொதலாளிக்க ஆசிட்டு வெள்ளம் தோட்டைச் சுத்தம் பண்ணுது, கேட்டியளா," என்று பின்னாலிருந்து ஒரு குரல். ஹால் முழுக்கச் சிரிப்பு.

நான் விளக்கினேன். தமிழில் விளக்கினேன், மலையாளத்தில் விளக்கினேன். பூச்சி இருந்தால் நல்லது, இல்லாவிட்டால் கெட்டது என்று சொல்லச் சொல்ல எனக்கே அது கோணல் வாதமாகக் கேட்டது. யாரோ ஒருவர், மேல் கடவில் கொஞ்சம் பிளீச்சிங் பவுடர் போட்டால் சரியாகும் என்று ஆலோசனை வேறு சொன்னார். அத்தான் சிரிக்கவில்லை. ஆனால் அவர் முகத்தில் ஒரு நிம்மதி தெரிந்தது, அது சிரிப்பைவிட என்னைக் குத்தியது. என்னைக் காப்பாற்றியது மழை. ஓட்டின்மேல் அடித்துப் பெய்ய, பாதிப் பேர் குடையோடு நழுவினார்கள். தலைவர் எண்ணிப் பார்த்து, ஆள் போதாது, கோரம் இல்லை, அடுத்த கூட்டத்தில் முடிவு என்று எழுந்துவிட்டார்.

வீட்டுக்கு வந்து பேசின் இரண்டையும் தோட்டில் கவிழ்த்துவிட்டு அழுதேன். என் கணவர் வாத்தியார் பாஷையில், "கணக்கு சரி, வழி தப்பு," என்றார். அன்று அவருக்குச் சோறு நான் போடவில்லை, அவரே போட்டுக்கொண்டார்.

மறுநாள் சாயங்காலம் ஒரு அக்கா வந்தார். ஷீட்டுப்புரையில் உருளை சுற்றுகிறவர், பத்து வருடமாக. அவர் வீடு மூன்றாம் கடவுக்கு நேர் கீழே. அவருடைய கிணறுதான் தோட்டுக்கு மிகப் பக்கம். வந்தவர் உட்காரக்கூட இல்லை.

"டீச்சரே, நீங்க கண்டது சரியாக்கும். காட்டினதுதான் தப்பு. பூச்சியைக் கண்டா எங்களுக்கு அறப்பு வரும். கொஞ்சைக் காட்டியிருக்கணும்."

கொஞ்சு என்றால் தோட்டில் கிடக்கும் சின்ன இறால்; தோர்த்து என்கிற குளியல் துண்டையே வலையாக இழுத்துப் பிடிப்பார்கள்.

"கொஞ்சா?"

"பின்னே. முன்னெ அஞ்சாம் கடவு வரைக்கும் தோர்த்து போட்டு இழுத்தா ஒரு நேரத்துக் கறிக்கு உண்டு. இப்பொ ரெண்டாம் கடவோட நிண்ணு போச்சு. இது இங்க எல்லா பெண்ணுங்களுக்கும் தெரியும். நீங்க கேக்கல்ல, நாங்க சொல்லல்ல."

எனக்கு முகம் சிவந்துபோனது. இறாலும் நண்டும் நத்தையும் முதுகெலும்பில்லாத உயிர்கள், என் பாடப் புத்தகத்தில் பூச்சிக்கு அடுத்த அத்தியாயம். ஆனால் கொஞ்சு எங்கள் சைவ அடுக்களைக்குள் வந்ததே இல்லை. அடுக்களைக்குள் வராத ஒன்று என் கண்ணிலும் படவில்லை. பத்து வருடம் கல் புரட்டியவளுக்கு, குழம்பில் கொதிக்கிற சாட்சி தெரியாமல் போயிற்று.

"இன்னொண்ணு," என்றார் அக்கா. "மொதலாளி குப்பியில வெள்ளம் எடுத்த நாளு எனக்கு நல்ல ஓர்ம உண்டு. அண்ணைக்கு எனக்குப் பணி இல்ல. நல்ல மழை."

அப்படியே நெற்றியில் அடித்துக்கொண்டேன். மழை பெய்தால் ரப்பர் மரம் வெட்ட முடியாது. வெட்டு இல்லை என்றால் பால் இல்லை, பால் இல்லை என்றால் ஷீட்டுப்புரையில் ஆசிட் இல்லை, கழுவல் இல்லை. எங்கள் பக்கத்தில் ரேஷன் கார்டில் பெயர் திருத்துவது, பல் பிடுங்குவது, பெண் பார்க்கப் போவது எல்லாமே வெட்டு இல்லாத மழை நாளில்தான். மற்ற நாளில் எவனுக்கு நேரம்? அத்தானும் தண்ணீரைப் பரிசோதிக்க அந்த ஓய்வு நாளைத்தான் எடுத்திருக்கிறார். வஞ்சகம் கிடையாது, வழக்கம். ஷீட்டுப்புரை மூடிக் கிடந்த நாளின் தண்ணீர், ஷீட்டுப்புரைக்கு நற்சான்று கொடுத்திருக்கிறது. கிராமசபை வைத்ததும் மழை நாளில்தான்.

"அக்கா, இதை நீங்க சபையில சொன்னா உங்க வேலை போயிரும்," என்றேன்.

"போனா போட்டும். வேற புரை இல்லியா? கெணறு எனக்கு ஒண்ணே ஒண்ணுதான் உண்டு."

அதற்குப்பின் இரண்டு மாதம் நாங்கள் வேலை செய்தோம். வேலை என்று வேண்டுமென்றேதான் சொல்கிறேன்; சம்பளம் வாங்கி நான் செய்ததில் எதுவும் அதற்கு ஈடில்லை. ஒவ்வொரு கடவிலும் ஒரு பெண் பொறுப்பு. துவைக்க வரும்போது தோர்த்தை ஒரு முறை இழுத்து, கிடைத்ததைச் சொல்ல வேண்டும். கொஞ்சு, நண்டு, நத்தை, அட்டை. நான் பழைய ப்ராக்டிகல் ரெக்கார்டு நோட்டில் எழுதுவேன், கூடவே கல் புரட்டி என் பூச்சிகளையும் எழுதுவேன். வெட்டு உண்டா இல்லையா என்று நாள்தோறும் அக்கா சொல்லுவார். இரண்டாம் வாரத்திலேயே பெண்கள் என்னைத் திருத்த ஆரம்பித்தார்கள். "டீச்சரே, அது நத்தை இல்ல, வெறும் கூடாக்கும். உள்ள ஆள் இல்ல," என்று ஒருத்தி சொல்ல, நான் எழுதியதை அடித்தேன்.

ஒரு வாரம் விடாமல் மழை பெய்தது. வெட்டு நின்றது. மேலேயிருந்து அடித்து வரப்பட்ட மூவால்கள் சில மூன்றாம் கடவுக் கல்லில் வந்து ஒட்டிக்கொண்டன. நானும் அக்காவும் அவற்றைப் புதுக் குடித்தனம் வந்தவர்களைப் பார்ப்பதுபோலத் தினம் போய்ப் பார்த்தோம். வெயில் வந்தது, வெட்டு தொடங்கியது. மூன்றாம் நாள் கல்லின் கீழே ஒன்றும் இல்லை. அக்கா கல்லைப் பார்த்தபடி, "நான் சுத்தின உருளையாக்கும்," என்றார்.

அடுத்த கிராமசபையை வெட்டு உள்ள நாளில், ஷீட்டு அடித்து முடிந்த பிறகு மத்தியானம் வைக்க வேண்டும் என்று தலைவரிடம் போய் நின்றேன். ஹாலில் வேண்டாம், கடவில் வையுங்கள் என்றும் சொன்னேன். பூச்சி டீச்சருக்குக் கோட்டி பிடித்துவிட்டது என்றுதான் நினைத்திருப்பார். ஆனால் ஐந்து கடவுப் பெண்களும் எனக்குப் பின்னால் நின்றார்கள். ஓட்டு அவர்களிடமும் இருந்தது.

சபை தோட்டுக்கரையில் கூடியது. நான் பேசவில்லை. நோட்டை அக்கா கையில் கொடுத்துவிட்டேன். அவர் நோட்டைத் திறக்கவே இல்லை. முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு இரண்டாம் கடவில் இறங்கி, தோர்த்தின் ஒரு பக்கத்து இரண்டு முனைகளையும் பிடித்துக்கொண்டு, நேராக அத்தானைப் பார்த்தார்.

"மொதலாளி, அந்தத் தலையைப் பிடிங்க."

அத்தான் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினார். தோர்த்தைப் பிடித்த விதம் இருக்கிறதே, விரலில் சுற்றி, அடிவிளிம்பைக் கால்விரலால் மணலில் அழுத்தி, ஒரே சாய்வில் கரைக்கு ஏற்றி — புதிதாகப் பிடிக்கிறவர் பிடிக்கிற பிடி இல்லை அது. கூட்டத்தில் ஒரு கிழவர் கத்தினார்.

"சைவ வீட்டு ஆளுக்கு தோர்த்து பிடிக்க யாரு படிப்பிச்சா?"

"எலே, சும்மா கெட," என்றார் அத்தான். அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. தோர்த்துக்குள் கொஞ்சு துள்ளியது, ஒரு கை நிறைய.

அப்படியே நடந்து மூன்றாம் கடவுக்குப் போனார்கள். அன்று காலை அடித்த ஷீட்டின் கழுவல் இன்னும் வந்துகொண்டிருந்தது. இரண்டு பேரும் இழுத்தார்கள். தோர்த்தில் பூசல்தான் வந்தது. இன்னொரு முறை என்றார் அத்தான். இழுத்தார்கள். இன்னொரு முறை. நான்காவது முறை இழுக்கும்போது அவர் முகத்தில் சிரிப்பு இல்லை. முழங்கால் அளவுத் தண்ணீரில் நின்றபடி தோர்த்தைக் கையில் வைத்து முகர்ந்து பார்த்தார்.

"நான் குப்பியில எடுக்கும்போ இந்த நாத்தம் இல்லியே," என்றார்.

"அண்ணைக்கு மழை, மொதலாளி. வெட்டு இல்ல," என்றார் அக்கா. "நான் வீட்டுல இருந்தேன்."

சபையில் ஒரு ஆளுக்குக்கூட விளக்கம் தேவைப்படவில்லை. வெட்டு உள்ள நாளுக்கும் இல்லாத நாளுக்கும் உள்ள வித்தியாசம் அங்கே பிறந்த குழந்தைக்கும் தெரியும். கழிவு தோட்டில் விழாமல் வழி செய்து, தோடு தெளிந்த பிறகு விண்ணப்பித்தால் பார்க்கலாம் என்று முடிவானது. என் பேசின்களைப் பார்த்துச் சிரித்த சைக்கிள் கடைக்காரர்தான் முதலில் கை தூக்கினார். எனக்கு அன்று தலை வானத்தில் முட்டியது, மறைக்க மாட்டேன்.

அக்காவின் வேலை போகவில்லை. அத்தான் ஒரு மாதம் என்னோடு பேசவில்லை, அக்காவோடு மட்டும் பேசினார். புரைக்குப் பின்னால் அடுத்தடுத்து மூன்று குழி வெட்டி, சுண்ணாம்பு போட்டு, கழிவு ஒன்றிலிருந்து ஒன்றுக்குத் தங்கித் தங்கிப் போகும்படி செய்தார். வாய்க்காலை அடைத்தார். ஒரு மழைக்காலம் போயிற்று, வெட்டு திரும்பத் தொடங்கி நாலைந்து மாதமும் ஆயிற்று. ஒரு நாள் எங்கள் வீட்டு முற்றத்தில் வந்து நின்றார்.

"மக்கா, புது விண்ணப்பம் வைக்கப் போறேன். இந்த மட்டம் வெட்டு உள்ள நாளுலயாக்கும் குப்பி எடுத்தேன். பாசாச்சு. தோட்டுல கெடக்குற உனக்க ஆளுங்க என்ன சொல்லுதாங்கண்ணு ஒரு தாளுல எழுதித் தா. அதையும் சேத்து வைக்கணும்."

என்னை, என் படிப்பை, ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போடச் சொல்லி அதுவரை யாரும் கேட்டதில்லை. பாசாகிவிட வேண்டுமே என்று சாமியை வேண்டிக்கொண்டே தோட்டுக்குப் போனேன். நானும் அக்காவும் ஒரு வாரம் பார்த்தோம். மூன்றாம் கடவில் பூசல் குறைந்திருந்தது. சிவப்புப் புழு குறைந்திருந்தது. நத்தை வந்திருந்தது, உள்ளே ஆளோடு. மூவால் இல்லை. கொஞ்சு இல்லை. வாரம் முழுக்க இழுத்தும் ஒன்றுகூட இல்லை.

இரவு முழுக்கத் தாளை வைத்துக்கொண்டு உட்காரவில்லை. யோசிக்க ஒன்றும் இருக்கவில்லை. கண்டதை எழுதினேன். தோடு தேறி வருகிறது, ஆனால் இன்னும் தேறவில்லை, கொஞ்சு திரும்பும்வரை பெரிய புரை வேண்டாம் என்று கடைசி வரியில் எழுதினேன். நான் கையெழுத்துப் போட்டேன், அக்கா எனக்குக் கீழே போட்டார்.

அத்தான் தாளை வாங்கி முற்றத்தில் நின்றபடியே படித்தார். மடித்துப் பையில் போட்டுக்கொண்டு, விண்ணப்பத்தோடு சேர்க்காமலே விட்டிருக்கலாம். ஆபீசில் அப்படி ஒரு தாளை யாரும் கேட்கவில்லை.

"இது சத்தியமா?" என்று அக்காவைக் கேட்டார்.

"சத்தியமாக்கும், மொதலாளி."

லாபம் போகும் என்று தெரியும், வருடம் ஒன்று போகும் என்று தெரியும். அந்தத் தாளைக் குப்பி ரிப்போர்ட்டுக்கு மேலே வைத்து குண்டூசி குத்தினார். தானே பஞ்சாயத்து ஆபீசுக்குக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தார். நான் அந்தக் குடும்பத்துக்கு வாழ்க்கைப்பட்டு வந்ததற்கு அன்றைக்குப் பெருமைப்பட்டதுபோல் வேறு என்றைக்கும் பட்டதில்லை.

அந்த வருடம் அவருக்கு அனுமதி கிடைக்கவில்லை. கடிதம் வந்த மறுநாள், வெட்டு உள்ள நாளாக இருந்தும், ஆட்களைக் கூட்டிக்கொண்டு போய் நான்காவது குழி வெட்டத் தொடங்கினார்.